டி.என்.ஏ. மதிப்பெண்: எவ்வளவு நம்பலாம்?

(சங்கத்தின் நலவாழ்வுக் கூட்டத்தில் கிளப் ஹவுஸில் ஆற்றிய உரை)

 

"எச்சிலைக் குப்பியில் எடுத்து அனுப்புங்கள். சர்க்கரை வருமா, மாரடைப்பு வருமா, பிள்ளைக்குக் கணக்கு வருமா, விளையாட்டு வருமா, எல்லாம் சொல்கிறோம்." இப்படிப்பட்ட விளம்பரங்கள் நம் போனுக்கு வருகின்றன. இதற்குப் பின்னால் அறிவியல் இருக்கிறதா? இருக்கிறது. சொல்வதை அப்படியே நம்பலாமா? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தலசீமியா, அரிவாள் செல் ரத்தசோகை போன்றவை ஒரே மரபணுவில் உள்ள கோளாறால் வருபவை. அவற்றுக்கான பரிசோதனை தெளிவான விடை தரும். டாக்டர் எழுதிக் கொடுத்தால் தயங்காமல் செய்துகொள்ளுங்கள்.

உயரம், எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் எல்லாம் வேறு ரகம். இவற்றுக்கு ஒரு மரபணு காரணம் இல்லை. டி.என்.ஏ.வில் சுமார் 300 கோடி எழுத்துகள். அதில் ஆயிரக்கணக்கான இடங்கள் ஆளுக்குத் துளித்துளியாகப் பங்கு போடுகின்றன. லட்சக்கணக்கானவர்களின் டி.என்.ஏ.வையும் அவர்களுடைய உயரத்தையும் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால், எந்த எழுத்து இருந்தால் உயரம் எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்று அது கற்றுக்கொள்ளும். பிறகு புதிதாக ஒருவர் வந்தால், அவருடைய எழுத்துகளுக்கான மதிப்பெண்களைக் கூட்டிச் சொல்லும். ரிப்போர்ட்டில் வரும் மதிப்பெண் இந்தக் கூட்டல்தான்.

இதில் அதிகம் ஆராயப்பட்டது உயரம். 2010-ல் சுமார் 180 இடங்களைக் கண்டுபிடித்தார்கள். மனிதர்களுக்குள் உள்ள உயர வேறுபாட்டில் ஏறக்குறைய 10 சதவீதத்தைத்தான் அவற்றால் விளக்க முடிந்தது. 2022-ல் 54 லட்சம் பேரின் தகவலை வைத்து 12,111 இடங்களைக் கண்டார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அது 40 சதவீதம் வரை விளக்கியது. மற்றவர்களிடம் 10 முதல் 20 சதவீதம்தான்.

ஏன் இந்த வித்தியாசம்? கம்ப்யூட்டர் படித்த பாடம் பெரும்பாலும் ஐரோப்பியர்களுடையது. ஒரு போர்டு பாடத்திட்டத்தைப் படித்துவிட்டு இன்னொரு போர்டு பரீட்சை எழுதுவது போலத்தான். கொஞ்சம் பொருந்தும், நிறைய தவறும். நம் நாட்டில் ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 பேரின் முழு டி.என்.ஏ.வைப் படித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். நல்ல தொடக்கம். ஆனால் அந்த 54 லட்சத்தோடு ஒப்பிட்டால் நாம் போக வேண்டிய தூரம் தெரியும்.

"மாடுகளுக்கு இது நன்றாக வேலை செய்கிறதே?" என்று கேட்கலாம். உண்மைதான். இந்தக் கணக்கு முறையை 2001-ல் விரிவாக எழுதியவர்களே கால்நடைத் துறை ஆய்வாளர்கள்தான். அமெரிக்காவில் 2009 முதல் ஹோல்ஸ்டீன் காளைகளை இப்படி மதிப்பிடுகிறார்கள். முன்பெல்லாம் ஒரு காளையின் தரம் தெரிய, அதன் மகள்கள் வளர்ந்து பால் கறக்கும் வரை காத்திருக்க வேண்டும். இப்போது கன்றாக இருக்கும்போதே கணித்துவிடுகிறார்கள். அங்கே எல்லாம் ஒரே இனம். தீவனம், பால் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. அதைவிட முக்கியம், பண்ணைக்காரருக்கு நூறு கன்றுகளில் சராசரி சரியாக வந்தால் போதும், பத்து தவறினாலும் லாபம்தான். நமக்கு அப்படியா? இருப்பது ஒன்றோ இரண்டோ பிள்ளைகள். சராசரியை வைத்து அவர்களை எடை போட முடியுமா?

இன்னொன்று. 1896-ல் பிறந்த தென்கொரியப் பெண்களைவிட 1996-ல் பிறந்தவர்கள் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயரம். நூறு வருடத்தில் மரபணு அந்த அளவுக்கு மாறிவிடாது. மாறியது சாப்பாடும் வாழ்க்கையும்தான். மரபணு அதிகம் ஆளுகின்ற உயரத்துக்கே இந்த நிலை என்றால், படிப்புக்கும் விளையாட்டுக்கும் கேட்கவே வேண்டாம்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது நான்கு விஷயங்கள்.

1. பிள்ளையின் திறமையை அறிய டி.என்.ஏ. பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். எச்சிலைப் பார்த்து எந்த வகுப்பில் சேர்ப்பது என்று முடிவு செய்ய வேண்டாம். பிள்ளையை மைதானத்தில் விட்டுப் பாருங்கள்.

2. சர்க்கரை, இதயம் பற்றிக் கவலை இருந்தால் ரத்தச் சர்க்கரை, கொழுப்பு, பி.பி. மூன்றையும் பாருங்கள். அப்பா அம்மாவுக்கு என்ன வயதில் என்ன வந்தது என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். இன்றைய நிலையை இவைதான் காட்டும்.

3. ஏற்கெனவே ரிப்போர்ட் வாங்கியிருந்தால், "ஆபத்து குறைவு" என்று இருப்பதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். "அதிகம்" என்று இருந்தால் பயப்படவும் வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

4. கையெழுத்துப் போடுமுன் தகவல் யாரிடம் போகிறது என்று கேளுங்கள். 2023-ல் 23அண்ட்மீ என்ற அமெரிக்க நிறுவனத்திடமிருந்து சுமார் 69 லட்சம் பேரின் தகவல்கள் கசிந்தன. பாஸ்வேர்டு என்றால் மாற்றலாம், டி.என்.ஏ.வை மாற்ற முடியாது. அதில் பாதி உங்கள் பிள்ளைகளுடையதும் கூட.

இந்த அறிவியல் வளரும், நமக்கும் பொருந்தும் நாள் வரும். அதுவரை காலை நடையை நிறுத்தாதீர்கள்.  இனி உங்கள் கேள்விகள்.