மீட்டர் கண்ணாடியில் ஒரு பொட்டு

(ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



போன மாதம் நம் செயலாளர் போன் செய்தார். "நீ முப்பது வருஷம் பிளாஸ்டிக்ல குப்பை கொட்டினவன். ஏதாவது பயனுள்ளதாப் பேசு. பதினைந்து நிமிஷம்தான். பழைய கதை வேண்டாம்" என்றார். பயனுள்ளது ஒன்று கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் அதில் பழைய கதையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பிரித்துப் பார்த்தேன், பிரியவில்லை. செயலாளர் மன்னிக்க வேண்டும்.

பேச்சின் பொருள் இதுதான். காரில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஸ்பீடோமீட்டரை மூடிக்கொண்டு ஒரு கண்ணாடி இருக்கிறதே, அதில் விடாப்பிடியாக ஒட்டியிருக்கும் கறையை எப்படி எடுப்பது? சிரிக்காதீர்கள். இந்த மண்டபத்துக்கு வெளியே நிற்கிற கார்களில் பாதியில் அந்தக் கறை இருக்கிறது. வரும்போது எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

முதலில், நாம் கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர, அது கண்ணாடி இல்லை. பெரும்பாலான கார்களில் அது அக்ரிலிக். மூன்றாம் ஆண்டில் பாலிமர் பாடத்தில் பாலிமெத்தில் மெதாக்ரிலேட் என்று எழுதி மார்க் வாங்கினோமே, அதே சரக்கு. 1930-களில் ஜெர்மனியில் பிளெக்ஸிகிளாஸ், இங்கிலாந்தில் பெர்ஸ்பெக்ஸ் என்று சந்தைக்கு வந்தது. விழுகிற வெளிச்சத்தில் 92 சதவீதத்தை அப்படியே உள்ளே விடும். ஜன்னல் கண்ணாடிகூட அவ்வளவு விடாது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் தலைக்கு மேல் இருந்த மூடி இதுதான். அது உடைந்து சில்லுகள் கண்ணில் ஏறிய விமானிகளைப் பார்த்த ஹரால்டு ரிட்லி என்ற ஆங்கிலேய டாக்டர், கண் இதை எதிர்த்துச் சண்டை போடவில்லை என்று கவனித்தார். 1949-ல் லண்டனில் இதே பொருளில் லென்ஸ் செய்து கண்ணுக்குள்ளேயே வைத்தார். நம் மதுரையில் ஆரோலேப் 1992-ல் தொடங்கி அந்த லென்ஸை ஏழை எளியவருக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இங்கே எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம், வயசு தெரிந்துவிடும். உங்களில் பலர் கண்ணுக்குள் இருப்பது அந்த அக்ரிலிக் குடும்பத்துப் பிள்ளைதான்.

இவ்வளவு நல்ல பொருளுக்கு இரண்டு பலவீனம் உண்டு. ஒன்று, சீக்கிரம் கீறல் விழும். நம் ஊர்த் தூசியில் இருப்பது பெரும்பாலும் மணல். மணல் அக்ரிலிக்கை விட எவ்வளவோ கடினம். உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். இரண்டாவது பலவீனம்தான் பெரிசு. அதைச் சொல்லத்தான் கதைக்குள் போக வேண்டும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் இருந்தேன். கார், ஸ்கூட்டர்களுக்கு மீட்டர் லென்ஸ் வார்க்கிற கம்பெனி. என் வேலை குவாலிட்டி. சூட்டில் உருகிய அக்ரிலிக்கை அழுத்தத்தோடு அச்சுக்குள் தள்ளுவார்கள். அச்சு குளிர்ந்தது. உள்ளே போனது சட்டென்று உறையும். உறைகிற அவசரத்தில் மூலைகளிலும் திருகு ஓட்டைகளின் பக்கத்திலும் ஓர் இழுவிசை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் பளிங்கு மாதிரி இருக்கும், ஒன்றும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. லென்ஸை எடுத்து ஆல்கஹாலில் முக்குவது. ஆல்கஹால் மூலக்கூறுகள் அந்தச் சங்கிலிகளுக்கு நடுவே நுழைந்து பிடியைத் தளர்த்தும். உள்ளே இழுவிசை இருந்தால் வெள்ளி நூல் மாதிரி மயிரிழைக் கோடுகள் கிளம்பும். எங்கள் பாஷையில் கிரேஸ் அடித்துவிட்டது என்போம். அடித்தால் அந்த லாட்டையே நிறுத்தி, மிச்சத்தை 80 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் வைத்து இழுவிசையை இறக்குவோம். முக்கிய லென்ஸை மட்டும் உடைத்துப் போட வேண்டியதுதான். கோடு விழுந்தால் விழுந்ததுதான். இப்படி நான் கையெழுத்துப் போட்டுக் கழித்த லென்ஸ்கள் ஆயிரக்கணக்கில்.

இப்போது பழைய கதை. விடுதியில் 14-ஆம் நம்பர் அறையில் என்னோடு மூன்று வருஷம் இருந்தவனை இங்கே பலருக்குத் தெரியும். மெஸ்ஸில் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பானே, அவன்தான். 2019-ல் போய்விட்டான். 1996-ல் அவன் வாங்கிய வெள்ளை மாருதி 800 ஒன்று இருந்தது. நாற்பதுக்கு மேல் போகமாட்டான். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவான். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை மோதிர விரலால் மீட்டர் கண்ணாடியின் மேல்மூலையில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம் வைப்பான். மறுநாள் துடைக்கமாட்டான். அடுத்த வருஷம் அதே இடத்தில் அதன் மேலேயே. இருபத்து மூன்று வருஷம்! கருப்பு மருவு மாதிரி இறுகிப்போய் இருந்தது. "மீட்டர் லென்ஸுக்குன்னே பொறந்தவன் நான். கூட உக்காந்து வரேன், இதைப் பார்க்க எனக்குக் கூசுதுடா" என்பேன். "உன் வேலை ஃபேக்டரியோட. என் கார்ல கை வைக்காதே" என்பான்.

அவன் போன பிறகு தங்கச்சி கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். காரை என் வீட்டில் விட்டார்கள். ஊரடங்கு வந்தது. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி வைப்பேன், அவ்வளவுதான். 2020 செப்டம்பரில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டாம் என்று அறிவித்ததும் மகள் போன் செய்தாள். "மாமா, அடுத்த வாரம் வர்றேன், அப்பா காரை எடுத்துட்டுப் போறேன்" என்றாள். பெண் பிள்ளை வருகிறது, காரைப் பளபளவென்று கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். சீட்டைத் தட்டினேன், கதவைத் துடைத்தேன். மீட்டரில் அந்தப் பொட்டு. நகத்தால் சுரண்டினேன், மேல் பொருக்கு போனது, அடியில் மஞ்சள் திட்டு நின்றது. அந்த வருஷம் எல்லோர் கையிலும் சானிடைசர் பாட்டில் இருந்த வருஷம். காரிலும் ஒன்று கிடந்தது. ஒன்றும் யோசிக்கவில்லை. அடித்தேன். தேய்த்தேன். போகவில்லை. மறுபடி நன்றாக அடித்து, ஊறட்டும் என்று ஐந்து நிமிஷம் விட்டேன்.

பாட்டிலின் மேல் எழுபது சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் என்று எழுதியிருந்தது. முப்பது வருஷம் நான் லென்ஸை முக்கிய அதே சாமான்.

பொட்டு சுத்தமாகப் போய்விட்டது. மறுநாள் காலை கேட்டைத் திறந்து வெயில் உள்ளே விழுந்தபோது பார்க்கிறேன். மூலைத் திருகிலிருந்து கிளம்பி, விசிறி விரித்த மாதிரி வெள்ளிக் கோடுகள் இறங்கி நின்றன. சரியாக நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில். கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் காபி ஆறிப்போகுது என்று இரண்டு தடவை கூப்பிட்டார்கள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அடியில் நின்ற அந்த மஞ்சள் திட்டுக்கு ஒன்றுமே செய்திருக்க வேண்டாம். அவன் வைத்த சந்தனத்தில் மஞ்சள் கலந்திருந்தது. மஞ்சளின் நிறம் குர்குமின். சோப்பு பட்டால் சிவக்கும், அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வெயில் பட்டால் தானே வெளுக்கும், அதுவும் வேட்டி காயப்போடுகிற எல்லோருக்கும் தெரியும். சில நாள் காரை வெயிலில் நிறுத்தியிருந்தால் போதும். பி.எஸ்ஸி. வேதியியல், முதல் வகுப்பு!

மகள் வந்தாள். நான் முந்திக்கொண்டு, "அம்மா, ஒரு தப்பு பண்ணிட்டேன், கண்ணாடியில கோடு விழுந்துபோச்சு" என்று தொடங்கினேன். அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மீட்டரையே பார்த்தாள். கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மாமா, அப்பா வச்ச பொட்டு எங்கே?" என்று கேட்டாள்.

என்ன பதில் சொல்ல முடியும், சொல்லுங்கள். அவள் கோபிக்கவும் இல்லை. "பரவாயில்லை மாமா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

மாருதி 800 தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. சென்னையில் பழைய உதிரி பாகத்துக்குப் புதுப்பேட்டையை விட்டால் கதி ஏது? இரண்டு நாள் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு லென்ஸ் பிடித்தேன். கோடு இல்லை, ஆனால் அழுக்கென்றால் அப்படி ஓர் அழுக்கு. ஒரு மூலையில் சாமி ஸ்டிக்கர் உரித்த பசை, நடுவில் போர் தண்ணீர் தெளித்துக் காய்ந்த வெள்ளை வளையங்கள், எங்கும் மெல்லிய கீறல். அதை நான் சுத்தம் செய்த விதத்தைத்தான் செயலாளர் கேட்ட பயனுள்ள பகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று சாயங்காலம் பிடித்தது. முதலில் குழாயடியில் காட்டித் தூசியை ஓடவிட்டேன். காரிலேயே இருக்கிற லென்ஸ் என்றால் குழந்தைகள் படம் வரைகிற மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு லிட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு. துணி, நன்றாகத் துவைத்து நைந்த பழைய வேட்டி. ஜரிகைக் கரையை வெட்டி எறிந்துவிட வேண்டும், அது கீறும். மெக்கானிக் ஷெட்டில் கிடக்கிற பனியன் வேஸ்ட் வேண்டாம், அதில் என்ன பொடி ஒட்டியிருக்கிறது என்று தெரியாது. ஈரச் செய்தித்தாள் ஜன்னலோடு நிற்கட்டும். துணியை நனைத்துப் பிழிந்து கறை மேல் போர்த்திப் பத்து நிமிஷம் விட்டுவிடுங்கள். தேய்க்கிற வேலையைத் தண்ணீரே செய்யும். சொட்டச் சொட்ட வேண்டாம், பின்னால் மின்சார சமாச்சாரம் இருக்கிறது. நேராக ஸ்பிரே அடிக்கவும் கூடாது.

வெள்ளை வளையம் கால்சியம் கார்பனேட். சால்ட் அனாலிசிஸில் அமிலம் விட்டு நுரை பார்த்தோமே, அதே ஆசாமி. லேபில் விட்ட அமிலம் இங்கே வேண்டாம். சமையல் வினிகரில் சமபங்கு தண்ணீர் கலந்து துணியில் தொட்டு இரண்டு நிமிஷம் வைத்தேன், பிறகு வெறும் தண்ணீர். இரண்டாம் தடவையில் போயிற்று. ஸ்டிக்கர் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் விட்டேன். கட்டை விரலால் தள்ளினால் திரண்டு வருகிறது. பிளேடு எடுக்காதீர்கள். பிறகு சோப்புத் தண்ணீரால் எண்ணெயை எடுத்துவிட வேண்டும். கீறலுக்கு, நகத்தை ஓட்டினால் தட்டாத கீறல் என்றால் மட்டும், பிளாஸ்டிக் பாலிஷ். கிடைக்காவிட்டால் வெள்ளைப் பற்பசை துளி, ஜெல் வேண்டாம். ஈரத்துணியில் தொட்டு மூலையில் ஓரிடத்தில் முதலில் பார்த்துவிட்டு மெதுவாகச் சுற்றுங்கள். நான் இதற்கே ஒரு சாயங்காலம் எடுத்துக்கொண்டேன். இப்போது வருகிற கார்களில் டி.வி. மாதிரித் திரை வைக்கிறார்களே, அதன் மேல் பூச்சு இருக்கும். அதற்குப் பாலிஷ், பற்பசை எதுவும் ஆகாது. ஈரம் தொட்ட மெல்லிய துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தொடவே கூடாத கூட்டம் ஒன்று உண்டு. பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் எடுக்கிற அசிட்டோன், சானிடைசர், அம்மோனியாவோ ஆல்கஹாலோ கலந்த ஜன்னல் கண்ணாடி திரவம். போர்டு செய்கிற கடைகளில் அக்ரிலிக் துண்டுகளை ஒட்டக் குளோரோஃபார்ம் தடவுவார்கள், பொருளே கரைந்து ஒட்டிக்கொள்ளும். கரைப்பான் என்றால் என்ன என்று அதிலேயே தெரியும். "நான் சானிடைசர் போட்டேன், எனக்கு ஒன்றும் ஆகலையே" என்று சிலர் சொல்வீர்கள். ஆகாமலும் இருக்கும். உங்கள் லென்ஸ் உறைந்தபோது எவ்வளவு இழுவிசை மாட்டியது என்பதைப் பொறுத்த விஷயம் அது. வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது, என்னாலும்.

அக்டோபரில் ஆயுத பூஜைக்கு அந்த லென்ஸை டவலில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கோயம்புத்தூர் போனேன். அங்கே மெக்கானிக் ஒருவர் மாட்டிக் கொடுத்தார். தங்கச்சி சந்தனக் கிண்ணத்தோடு வந்து கார் பக்கத்தில் நின்றார். மகள் வைப்பாள் என்று நான் ஒதுங்கினேன். தங்கச்சி கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். "நீங்களே வச்சிடுங்கண்ணே. துடைக்கிறதுக்கு மட்டும் வராதீங்க" என்றார்.

அந்தப் பழைய லென்ஸை இன்று கொண்டு வந்திருக்கிறேன். என் பையில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்க வேண்டியவர்கள் வாங்கி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், கோடுகள் நன்றாகத் தெரியும். இடது மூலையில் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் மஞ்சளாக ஓர் ஓரம் இன்னும் இருக்கிறது. கைமாற்றிக் கொடுக்கும்போது யாரும் கைக்குட்டையால் துடைத்துவிட வேண்டாம்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இலை போட்டாச்சாம். ரசத்தை டம்ளரில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.