எதிர்க்கட்சியின் உரைகல்



ஆளுங்கட்சியின் கொள்கையை அதன் சட்டங்களிற் காணலாம். எதிர்க்கட்சியின் கொள்கையை எங்ஙனம் அறிவது? ஆட்சி கைக்கு வந்த பின்னரும் தன் பழைய சொல்லை அது காக்கின்றதா என்று பார்த்தே அறிய வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டு வரலாறு இதற்கு நல்ல பாடமாகும்.

1957 மார்ச் 6ஆம் நாள் கானா விடுதலை பெற்றது. இனம், வட்டாரம், சமயம் இவற்றின் பெயரால் கட்சி நடத்தலாகாதென அவ்வாண்டே சட்டம் பிறந்தது. புதிய நாடு பிளவுபடுமோ என்ற அச்சம் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. சிதறிக் கிடந்த எதிர்க்கட்சிகள் ஐக்கியக் கட்சியாக ஒன்றுபட்டன. பேராசிரியர் புசியா தலைமை ஏற்றார்.

1958இல் வந்த தடுப்புக் காவல் சட்டமோ, விசாரணையின்றி ஐந்தாண்டு வரை ஒருவரைச் சிறையில் வைக்க இடந்தந்தது. அவ்வாறு அடைபட்டோருக்காக வழக்கறிஞர் டான்குவா உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார்; வெற்றி கிட்டவில்லை. 1947இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய இயக்கத்துக்குச் செயலாளராக அழைக்கப்பட்டவரே நிக்ரூமா. 1960இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்று டான்குவா தோற்றார். பின்னர் தாமே சிறைப்பட்டார். 1964இல் கானா ஒரு கட்சி நாடாயிற்று. 1965 பிப்ரவரியில் டான்குவா சிறையிலேயே உயிர் நீத்தார்.

1966இல் இராணுவம் நிக்ரூமாவை வீழ்த்தியது. 1969இல் புசியா பிரதமரானார். சட்டத்தின் ஆட்சிக்காக வாதாடிய அணியன்றோ அது! ஆயினும் 1970இல் 568 அரசு ஊழியர்களை அவர் அரசு நீக்கியது. நீக்கப்பட்டோருள் ஒருவருக்குச் சார்பாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்த நீதிமன்றமும் அரசைக் கட்டாயப்படுத்த இயலாதென்று புசியா அறிவித்தார். அன்று அவர் எதிர்த்த குரலே இன்று அவர் வாயினின்று எழுந்தது. 1972இல் அவ்வாட்சியையும் இராணுவம் கவிழ்த்தது.

அம்மரபில் வந்த புதிய தேசபக்திக் கட்சி 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று, 2001 ஜனவரியில் ஆட்சி ஏற்றது. 2008இல் 41,000க்கும் குறைந்த வாக்கு வேறுபாட்டில் தோற்றது, ஆட்சியை ஒப்படைத்தது. 2012 தேர்தல் முடிவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. 2013இல் தீர்ப்பு பாதகமாக வந்தபோது, மனம் ஒப்பாவிடினும் அடங்கி ஏற்றது. 2016இல் மக்கள் அதற்கே வாக்களித்தனர்.

சிறையிலிருந்தபடி நீதியை வேண்டுவது இயல்பு. அதிகாரத்தில் இருந்தபடி அந்நீதிக்குத் தலைவணங்குவதே கொள்கை. கட்சிகளை அளக்க இவ்வுரைகல் ஒன்று போதும்.