பழைய கணினியோடு புதிய கணினி பேச மறுத்தால்

விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கணினியும் விண்டோஸ் 11 மடிக்கணினியும் ஒரே ரௌட்டரில் இணைந்திருக்கும். ஆனாலும் ஒன்றின் கோப்புகள் மற்றொன்றில் திறக்காது. பல வீடுகளில் இரண்டிலும் பழுது எதுவும் இருப்பதில்லை. இரண்டும் ஒரே நெறிமுறையின் வெவ்வேறு பதிப்புகளில் பேசுகின்றன. எஸ்எம்பி என்பது அதன் பெயர். 2001இல் வந்த எக்ஸ்பிக்கு அதன் முதல் பதிப்பு மட்டுமே தெரியும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீம்பொருள், அந்தப் பதிப்பை விண்டோஸ் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டையின் வழியே உலகெங்கும் பரவியது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 வெளியீட்டிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் முதல் பதிப்பு தானாக இடம்பெறுவதில்லை.

ஆனால் காரணம் இதுதான் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டக்கூடாது. பழுது காண்பதில் வரிசைதான் முக்கியம். நெட்வொர்க் சாளரத்தில் பழைய கணினியின் பெயர் தெரியவில்லை என்பதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. பெயர்ப் பட்டியல் வேறு, கோப்புப் பகிர்வு வேறு. ரன் பெட்டியில் இரண்டு பின்சாய்வுக் கோடுகளும் பழைய கணினியின் ஐபி முகவரியும் இட்டு என்டர் தட்டினால் வரும் பதிலைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். பலர் அதைப் படிக்காமலே மூடிவிடுகிறார்கள்; விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. பாதையே கிடைக்கவில்லை என்றால் முதலில் ஃபயர்வாலைப் பார்க்க வேண்டும். கடவுச்சொல் கேட்டால் இணைப்பு சரியாகவே இருக்கிறது. பயனர் கணக்கு மட்டுமே சிக்கல். எஸ்எம்பி முதல் பதிப்பு தேவை என்று செய்தி வந்தால் ஐயத்துக்கே இடமில்லை.

எதிர்த்திசையில், எக்ஸ்பிக்குப் பின் வந்த விண்டோஸ் ஓடும் பழைய கணினியிலிருந்து புதியதைத் திறக்கும்போது, நுழையப் பயன்படும் நான்கிலக்கப் பின் எண் செல்லாது. கணக்கின் முழுக் கடவுச்சொல் வேண்டும். வீட்டு வைஃபை ‘பொது’ என்று பதிவாகியிருந்தால் ‘தனிப்பட்டது’ என்று மாற்ற வேண்டும்.

முதல் பதிப்பு தேவைதான் என்றால், விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் அதற்குக் கிளையன்ட், சர்வர், தானியங்கி நீக்கம் என மூன்று பெட்டிகள் இருக்கும். சர்வரைத் தொடவே கூடாது. கிளையன்ட் மட்டும் இருந்தால் புதிய கணினி பழையதிடம் போய்க் கோப்புகளை எடுக்கலாம், வைக்கலாம். முதல் பதிப்பில் யாரும் புதிய கணினிக்குள் நுழைய முடியாது. தானியங்கி நீக்கத்தையும் தேர்ந்து வைப்பது நல்லது. முதல் பதிப்பு 15 நாள் பயன்படாமல் இருந்தால் விண்டோஸே அதை நீக்கிவிடும். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலோடு முடிந்துவிட்டதால், அந்தக் கணினியில் இணைய உலாவலே வேண்டாம்.

பழைய படங்களை ஒரே ஒருமுறை மாற்றினால் போதும் என்றால் இந்தப் பாடெல்லாம் தேவையில்லை, பென் டிரைவே போதும். அது எஃப்ஏடி32 முறையில் இருந்தால் மட்டும், எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது; பெரிய வீடியோக்களுக்கு என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்துகொள்ள வேண்டும்.