எதிராளியின் கேள்வியைத் தாமே கேட்டவர்கள்



ஆய்வுக்கட்டுரையில் சான்றுகளை வைத்து வாதிடுவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பொதுப்படையாகப் பேசினால் நீங்கள் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவீர்கள். அதனால் ஒரே ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்கிறேன். 1950 செப்டம்பர் 30 அன்று ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வந்தது. மொத்தமே பத்துப் பக்கம். எழுதியவர்கள் ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற இருவர். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்பது கேள்வி.

இன்று இது கேள்வியே இல்லை. பாக்கெட்டின் மேலேயே படம் போட்டு அச்சடித்து விற்கிறார்கள். அன்றைக்கு நிலைமை வேறு. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1922-இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்ததாகப் பதிவானவர்கள் 612 பேர். 1947-இல் அது 9,287 ஆகிவிட்டது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. எக்ஸ்ரே வந்ததால் நோய் கூடுதலாகக் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான் என்றார்கள் சிலர். மோட்டார் வண்டிப் புகை என்றார்கள் வேறு சிலர். புதிதாகப் போட்ட தார்ச்சாலைகள் மேல்தான் டாலுக்கே சந்தேகம். அவரும் சிகரெட் பிடிப்பவர்தான்.

ஹில்லைப் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவராக ஆசைப்பட்டவர். முதல் உலகப் போரில் காசநோய் தொற்றி அந்த ஆசை கலைந்தது. அஞ்சல் வழியில் பொருளாதாரம் படித்து, புள்ளியியலுக்கு வந்து சேர்ந்தார். மருத்துவத்துக்கு அது நல்லதாகவே முடிந்தது.

இருவரும் லண்டனில் இருபது மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டார்கள். நுரையீரல் புற்றுநோயாளிகள் 709 பேர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஈடாக, அதே பாலினத்தில், ஏறத்தாழ அதே வயதில், வேறு நோய்க்காக மருத்துவமனையில் படுத்திருந்த ஒருவர். ஆக அந்தப் பக்கமும் 709 பேர். மருத்துவமனைச் சமூகப் பணியாளர்கள் நான்கு பேர் படுக்கை படுக்கையாகப் போய், எந்த வயதில் பிடிக்க ஆரம்பித்தீர்கள், நாளுக்கு எத்தனை, எப்போது விட்டீர்கள் என்று ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

புகைபிடிப்பவர் என்றால் யார்? எப்போதோ ஒன்று பிடித்தவரையும் சேர்ப்பதா? நாளுக்கு ஒரு சிகரெட் வீதம் ஓராண்டாவது பிடித்திருந்தால்தான் அந்தக் கணக்கில் வருவார் என்று முன்கூட்டியே கோடு போட்டுவிட்டார்கள். சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் இந்தக் கோட்டைப் போடாமல் விட்டால், முடிவு தெரிந்த பிறகு வசதிப்படி அதை நகர்த்திக்கொள்ள முடியும்.

முடிவு இதுதான். புற்றுநோய் வந்த ஆண்கள் 649 பேரில் புகைக்காதவர்கள் 2 பேர். ஈடாக எடுத்த 649 ஆண்களில் புகைக்காதவர்கள் 27 பேர். இதைக் கேட்டதும் உங்களுக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். நோய் இல்லாதவர்களிலும் 622 பேர் புகைக்கிறார்களே, ஊரே புகைக்கும்போது அதைக் காரணம் என்று எப்படிச் சொல்வது? அந்தக் கேள்வியைக் கட்டுரை தானே எதிர்கொள்கிறது. பிடித்தாரா இல்லையா என்பதோடு நிற்காமல் எத்தனை பிடித்தார் என்று எண்ணுகிறது. நாளுக்கு 25 அல்லது அதற்கு மேல் பிடித்தவர்களின் விகிதம் புற்றுநோயாளிகளிடம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இத்தோடு முடித்திருந்தால் அது ஒரு நல்ல கட்டுரை, அவ்வளவுதான். அடுத்து வரும் பகுதிக்காகத்தான் நான் இதைத் தேர்ந்தெடுத்தேன். தங்கள் முடிவு எப்படியெல்லாம் பொய்யாக இருக்கலாம் என்று அவர்களே தேடத் தொடங்குகிறார்கள். நோயாளிக்கு நினைவு தப்பியிருக்கலாமே? ஐம்பது பேரிடம் ஆறு மாதமாவது கழித்து மறுபடி கேட்டுப் பார்த்தார்கள். பதில்கள் ஓரளவு ஒத்துப்போயின. சரி, கேள்வி கேட்டவர்களுக்கு எதிரே இருப்பவர் புற்றுநோயாளி என்பது பெரும்பாலும் தெரியும். அவரிடம் துருவித் துருவிக் கேட்டிருக்கலாமே? நோயாளியும், நம் நுரையீரல் கெட்டுவிட்டதே என்ற நினைப்பில் கூட்டிச் சொல்லியிருக்கலாமே?

இந்தச் சந்தேகத்தை வெறும் பேச்சால் தீர்க்க முடியாது. ‘எங்கள் பணியாளர்கள் நேர்மையானவர்கள்’ என்று எழுதினால் யார் ஒப்புக்கொள்வார்கள்? டாலும் ஹில்லும் ஒரு வழி கண்டார்கள். நுரையீரல் புற்றுநோய் என்று நினைத்துப் பேட்டி காணப்பட்டவர்களில் சிலருக்குப் பிற்பாடு, அது புற்றுநோயே இல்லை, வேறு நோய் என்று தெரியவந்தது. பேட்டி நடந்த நாளில் கேட்டவரின் மனதில் அவர் புற்றுநோயாளிதான். கேட்டவரின் எண்ணம் பதிலை வளைத்திருந்தால் இவர்களுடைய கணக்கும் புற்றுநோயாளிகளின் கணக்கு மாதிரியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. மற்ற நோயாளிகளின் கணக்கோடுதான் அது ஒத்துப்போனது. மருத்துவர்களின் தவறான கணிப்பே ஆய்வுக்குச் சாட்சியாக வந்து நின்றது. எனக்குத் தெரிந்த ஆய்வுக்கட்டுரைகளில் இதைவிட அழகான வாதம் குறைவு.

எதிராளியின் கேள்வியைத் தாமே கேட்கும் இந்த முறை நமக்கும் புதிதல்ல. அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்ற தம் சைவ சித்தாந்த நூலைப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாகப் பிரித்தார். முதலில் மாற்றார் கொள்கைகளை எடுத்துவைத்து மறுக்கிறார். அதற்குப் பிறகுதான் தம் கொள்கை. இன்று நம் முனைவர் பட்ட ஆய்வேடுகள் பலவற்றில் இந்தப் பரபக்கத்தைக் காணோம். மொய் நோட்டு மாதிரி பெயர்களை வரிசையாக எழுதி, இன்னார் இப்படிச் சொன்னார், இன்னாரும் ஒப்புக்கொள்கிறார் என்று பக்கத்தை நிரப்பிவிடுகிறார்கள். ஒப்புக்கொள்ளாதவர் ஒருவர்கூட அந்த நோட்டில் இருப்பதில்லை. வாய்மொழித் தேர்வில் யாராவது கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம்.

டால், ஹில் கட்டுரையிலும் ஒரு முள் உண்டு. புகையை உள்ளே இழுப்பீர்களா என்று கேட்டிருந்தார்கள். இழுக்கிறவர்களுக்குத்தானே நோய் அதிகம் வர வேண்டும்? புற்றுநோயாளிகளில் இழுப்பதாகச் சொன்னவர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தார்கள்! தங்கள் முடிவுக்கு ஒத்துவராத இந்த எண்ணை மறைக்காமல் அச்சிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து ரொனால்டு ஃபிஷர் அதையே எடுத்து அவர்களை அடித்தார். ஃபிஷர் சாதாரண ஆள் இல்லை. நவீனப் புள்ளியியலின் தந்தை என்றே சொல்லலாம். பைப் பிடிப்பவர்; புகையிலை நிறுவனங்களின் ஆலோசகராகவும் இருந்தவர். புகைக்கத் தூண்டும் மரபணுவே புற்றுநோயையும் உண்டாக்கலாம், சிகரெட் மேல் பழிபோடாதீர்கள் என்பது அவர் கட்சி. பணத்துக்காகப் பேசினார் என்று ஒதுக்கிவிடுவது எளிது. வாதம் வாதம்தான், பதில் சொல்லியாக வேண்டும்.

பதில் இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. டாலும் ஹில்லும் 1951-இலேயே பிரிட்டனின் மருத்துவர்கள் சுமார் அறுபதாயிரம் பேருக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். நாற்பதாயிரம் பேர் தங்கள் பழக்கத்தை எழுதி அனுப்பினார்கள். நோய் வருமுன்பே கேட்டாயிற்று. இனி நினைவுக் குறை, கேட்டவரின் சாய்வு என்ற பேச்சுக்கு இடமில்லை. 1954-இல் வந்த முதல் அறிக்கையில் நுரையீரல் புற்றுநோயால் இறந்த மருத்துவர்கள் 36 பேர். புகைக்காதவர் அதில் ஒருவரும் இல்லை. டால் அதற்கு வெகு முன்பே, முதல் ஆய்வு பாதியைத் தாண்டிய கட்டத்திலேயே சிகரெட்டை விட்டிருந்தார்.

மரபணு வாதத்துக்கு 1959-இல் அமெரிக்காவில் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் கூட்டாளிகளும் வெறும் கணக்கிலேயே பதில் சொன்னார்கள். புகைப்பவருக்கு நோய் வரும் வாய்ப்பு ஒன்பது மடங்கு என்று வைத்துக்கொள்வோம். சிகரெட் நிரபராதி, ஒளிந்திருக்கும் ஏதோ ஒன்றுதான் குற்றவாளி என்றால், அந்த ஏதோ ஒன்று புகைக்காதவர்களைவிடப் புகைப்பவர்களிடம் குறைந்தது ஒன்பது மடங்கு அதிகமாகக் காணப்பட வேண்டும். அப்படி ஒன்று இருந்தால் காட்டுங்கள் என்றார்கள். யாரும் காட்டவில்லை.

1962-இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் அறிக்கையும், 1964-இல் அமெரிக்க சர்ஜன் ஜெனரல் அறிக்கையும் சிகரெட்டைக் காரணம் என்று சொன்னபோது, புகையில் உள்ள எந்தப் பொருள் உடலின் செல்லுக்குள் போய் என்ன செய்கிறது என்ற விவரம் இன்னும் முழுதாகத் தெரிந்திருக்கவில்லை. அந்த அறிக்கைகளை எழுதியவர்கள் பெரும்பாலும் நம்பியது இத்தகைய எண்ணிக்கைகளைத்தான்.