வாங்க ஆளில்லாத மருந்து

(நமது குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் மருத்துவர் அல்ல. வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். இருந்தாலும் இன்று ஒரு மருந்தைப் பற்றிப் பேசப் போகிறேன். காரணம், இதில் பாதி கணக்கு வழக்கு.

பி.காம். படிக்கும்போது பொருளாதாரப் பாடத்தில் 'தேவை' என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. வெறும் விருப்பம் தேவை ஆகாது. வாங்கும் சக்தியும் சேர்ந்தால்தான் தேவை. மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கினேன். அந்த வரி எவ்வளவு கொடுமையானது என்பது, ஆப்பிரிக்கத் தூக்க நோயைப் பற்றிப் படித்தபோதுதான் உறைத்தது.

ட்செட்சி என்ற ஈ கடிப்பதால் பரவும் ஒட்டுண்ணி நோய் இது. முதலில் காய்ச்சல், தலைவலி. பிறகு கிருமி மூளைக்குள் போய்விடும். நோயாளி பகலில் தூங்குவார், இரவில் விழித்திருப்பார், புத்தி தடுமாறும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் மரணம்தான். அதிகம் பாதிக்கப்பட்டது காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிராமங்கள்.

முற்றிய நோய்க்குப் பல ஆண்டுகள் கொடுத்த மருந்து மெலர்சோப்ரால். 1949 முதல் புழக்கத்தில் இருந்த இது, ஆர்சனிக் கலந்த ஊசி. ஏற்றும்போது நரம்பே எரியும். நூறு பேருக்குப் போட்டால் சுமார் ஐந்து பேர் மருந்தாலேயே இறந்தார்கள். வேறு வழியில்லாததால் அதையே போட்டார்கள்.

பிறகு எஃப்லார்னித்தின் வந்தது. புற்றுநோய்க்காகத் தொடங்கிய ஆராய்ச்சியில் கிடைத்தது. தூக்க நோய்க்கு நன்றாக வேலை செய்தது. ஆனால் வாங்குவோரிடம் பணம் இல்லை. 1990-களின் நடுவில் உற்பத்தி நின்றது. அதே மருந்து 2000-ல் அமெரிக்காவில் பெண்களின் முகத்தில் வளரும் முடியைக் குறைக்கும் கிரீமாக அனுமதி பெற்றது! உயிருக்கு இல்லாத சந்தை, முகத்து முடிக்கு இருந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, 2001-ல் உலக சுகாதார நிறுவனத்தோடு ஒப்பந்தமாகி, இலவசமாக வழங்கத் தொடங்கினார்கள்.

2003-ல் லாப நோக்கமில்லாத டி.என்.டி.ஐ. அமைப்பு ஜெனீவாவில் உருவானது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு தனக்குக் கிடைத்த 1999-ம் ஆண்டு நோபல் பரிசுப் பணத்தை இதற்குத் தந்தது. நமது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் இதை நிறுவியவர்களில் ஒன்று.

இவர்கள் பழைய ஆராய்ச்சிகளைத் தோண்டிப் பார்த்தார்கள். 1980-களில் ஒரு ஜெர்மானிய நிறுவனம் பாதியில் கைவிட்ட ஃபெக்ஸினிடசோல் கிடைத்தது. வங்கியில் யாரும் கேட்டு வராத பழைய டெபாசிட் கிடக்குமே, அது போல! அதை எடுத்துச் சோதித்து, காங்கோவிலேயே பரிசோதனை நடத்தினார்கள். 2018-ன் இறுதியில் ஐரோப்பிய மருந்து முகமை சாதகமான கருத்துச் சொன்னது. காங்கோ அனுமதி கொடுத்தது. பத்து நாள் மாத்திரை, சாப்பாட்டுக்குப் பின் விழுங்க வேண்டும், அவ்வளவே. மிகவும் முற்றிய நிலைக்கு மட்டும் இன்னும் ஊசி சிகிச்சை தேவைப்படலாம். அடுத்ததாக, ஒரே வேளையில் விழுங்கும் அகோசிபோரோலின் பரிசோதனை முடிவுகள் 2022-ல் வந்தன. அதுவும் நம்பிக்கை தருகிறது.

1998-ல் பதிவான நோயாளிகள் கிட்டத்தட்ட 40,000. 2018-ல் ஆயிரத்துக்கும் கீழ். ஊர் ஊராகப் போய் ரத்தம் சோதித்த குழுக்களுக்கும், ஆர்சனிக்குக்குப் பதிலாக வந்த நல்ல மருந்துகளுக்கும் இதில் பங்குண்டு.

நண்பர்களே, 'இந்த நோய்க்கு மருந்தே இல்லை' என்று யாராவது சொன்னால், இனி ஒரு கேள்வி கேளுங்கள். கண்டுபிடிக்க முடியவில்லையா, அல்லது கண்டுபிடித்தால் வாங்க ஆளில்லையா? இரண்டும் ஒன்றல்ல. முதலாவதற்கு விஞ்ஞானிகள் வேண்டும். இரண்டாவதற்கு, லாபக் கணக்குக்கு வெளியே பணம் போட அரசுகளும் அறக்கட்டளைகளும் நம்மைப் போன்றவர்களும் வேண்டும்.