பிரேதமும் சூழ்ந்திருந்த மண்ணும்



நஞ்சூட்டப்பட்டு இறந்தார் என்ற ஐயம் பல வேளைகளில் அடக்கம் முடிந்த பின்னரே எழுகின்றது. அப்போது பிரேதத்தைத் தோண்டியெடுக்க அனுமதி கோரி நீதிமன்றத்துக்கு விண்ணப்பம் வரும். சந்தேகத்துக்குத் தக்க ஆதாரம் உண்டா, இத்தனை காலத்தின் பின்னும் அந்த நஞ்சு உடலில் எஞ்சியிருக்குமா என்று நீதிபதி வினவுவார். அவர் வினவ வேண்டிய மூன்றாவது வினா ஒன்றும் உண்டு. இன்று அதைப்பற்றியே பேச விரும்புகிறேன்.

ஆசனிக்கு என்னும் பாஷாணம் உடல் அழிந்த பின்னும் அழியாது. மயிரிலும் நகத்திலும் எலும்பிலும் தங்கியிருக்கும். அதன் நுண்ணிய அளவையும் காட்டும் சோதனையை 1836இல் ஆங்கிலேய இரசாயன அறிஞர் ஜேம்ஸ் மார்ஷ் வெளியிட்டார். 1840இல் பிரான்சிலே, கணவனுக்கு நஞ்சிட்டதாக மாரி லபார்ஜ் என்ற இளம்பெண் துயுல் நகரில் விசாரிக்கப்பட்டார். உள்ளூர் வல்லுநரின் சோதனைகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. பிரேதம் தோண்டியெடுக்கப்பட்டது. பாரிசிலிருந்து வந்த பேராசிரியர் ஓர்பிலா அதில் ஆசனிக்கைக் கண்டார். அதனோடு அவர் அமையவில்லை. பேழையைச் சூழ்ந்திருந்த மண்ணையும் சோதித்து, நஞ்சு அங்கிருந்து வந்ததன்று என்றும் காட்டினார். மாரிக்கு ஆயுட் சிறை கிடைத்தது.

மண்ணைப் பற்றிய இந்த வினாவின் அருமை, நூறாண்டு கழித்து அதே நாட்டின் லூடன் என்னும் சிற்றூரிலே புலப்பட்டது. அவ்வூர் மாரி பெனாரின் கணவர் 1947இல் இறந்தார். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? 1949இல் கணவரின் பிரேதமும், தொடர்ந்து உறவினர், அயலவர் எனப் பத்துக்கு மேற்பட்டோரின் பிரேதங்களும் சேமக்காலையிலிருந்து தோண்டப்பட்டன. ஆசனிக்கு உண்டென்றார் மார்செய் நகர நிபுணர். ஆனால் 1952இல் வழக்கறிஞர் சோதனைக் குழாய்களைக் காட்டி, ஆசனிக்குப் படிந்தவை எவை என்று கேட்டபோது, கண்ணாற் பார்த்தே சொல்வேன் என்ற அந்நிபுணர் தவறினார்.

மாணவன் ஒருவனின் பையிலே பிறர் பேனா அகப்பட்டால், அது அங்கு எவ்வாறு வந்ததென்று கேளாமல் நாம் பிரம்பை எடுக்கலாகாது. லூடனில் அந்தக் கேள்வி மிகப் பிந்தியே எழுந்தது. மண்ணிலுள்ள ஆசனிக்கை நுண்ணுயிர்கள் நீரிற் கரையச் செய்யக்கூடும், அது புதைந்த பிரேதத்தின் மயிரிலே சேரக்கூடும் என்று வேறு அறிஞர்கள் சாட்சியமளித்தனர். மூன்று விசாரணைகளின் பின், 1961 டிசம்பர் 12ஆம் திகதி போர்தோ நீதிமன்றம் மாரி பெனாரை விடுதலை செய்தது. கைதான நாள் முதலாகப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றிருந்தன. அவற்றுள் ஏறத்தாழ ஐந்தாண்டுகளை அவர் சிறையிலே கழித்திருந்தார்.