இருபது வெள்ளித் தாளில் ஒரு வீராங்கனை



சிங்கப்பூரில் நம்மவர்கள் டாலரை 'வெள்ளி' என்றே சொல்வார்கள். வெள்ளிக் காசு புழங்கிய காலத்துப் பேச்சு அது. ராஃபிள்ஸ் வந்திறங்கிய 200-ஆம் ஆண்டை ஒட்டி, 2019 ஜூனில் அந்நாட்டு நாணய ஆணையம் ஒரு 20 வெள்ளித் தாளை வெளியிட்டது. அதில் முன்னோடிகள் எட்டுப் பேரின் உருவங்கள் உள்ளன.

தமிழ்நாட்டிலிருந்து வந்து, சிராங்கூன் சாலையில் கடை நடத்தி, பெருமாள் கோயிலுக்குத் திருமண மண்டபம் தந்த கோவிந்தசாமிப் பிள்ளை ஒருவர். பால்மரத்தைச் சாகடிக்காமல் வெட்டும் முறையைக் கண்ட ரிட்லி இன்னொருவர். அந்த முறையில் கத்தி பிடித்த நம் பாட்டன் பாட்டிமார் முகம் எந்தத் தாளிலும் இல்லை. அவர்கள் பெயரை நாம்தான் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

அந்த எட்டுப் பேரில் அலிஸ் பென்னஃபாதர் என்ற பெண்மணியும் இருக்கிறார். 1930-களிலேயே பூப்பந்தில் வெற்றி வாகை சூடியவர். ஹாக்கிக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். பெண்கள் மைதானத்தில் இறங்குவதே அரிதாயிருந்த காலம் அது.

நம் வீட்டுப் பெண்பிள்ளை பள்ளி விளையாட்டுக்குப் பெயர் கொடுக்கிறேன் என்று வந்தால், "பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு?" என்று தடுக்காமல் அனுப்பி வைப்போம். பரிசு வராவிட்டாலும் உடல் உறுதிப்படும், துணிவு வரும்.